பட்டையில் பதியாத கைது

போலீஸ்காரர்களைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதச் சொன்னால் எனக்குக் கை வராது. வக்கீல் தொழிலில் பாதி ஆயுசை அவர்கள் மேல் வழக்குப் போட்டே கழித்தவள் நான். அப்படிப்பட்ட எஸ்தர் ராஜகனி, சுடலைவடிவு என்கிற ஒரு பெண் ஏட்டைப் புகழ்ந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதில் விஷயம் இருக்கிறது. ஊர்ப்பாசம் என்று நினைக்க வேண்டாம். அந்த அம்மாவுக்கும் திருநெல்வேலிப் பக்கம் என்பது உண்மைதான், ஆனால் முதல் தடவை பார்த்தபோது எனக்கு அவரைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

நடந்த இடம் ஏணித்துறை. நிலநடுக்கோட்டுக் கடலில் மிதக்கிற துறைமுகம். அதன் நடுவிலிருந்து ஒரு வடம் நேரே வானத்துக்குப் போகிறது. அதைப் பிடித்தபடி ஏணிவண்டி மேலே ஏறும். மேலே ஒரு நிலையம், அங்கிருந்து நிலாவுக்குக் கப்பல். பதினோரு நாடுகள் சேர்ந்து கட்டியது. பணம் போடுவதில்கூடத் தகராறு வரவில்லை, போலீஸ் வைப்பதில் வந்தது. ஒரு நாட்டில் சந்தேகம் என்றாலே பையைத் திறக்கலாம், இன்னொரு நாட்டில் காரணம் சொல்லாமல் தோளைக்கூடத் தொடக் கூடாது. கேமரா வைக்கலாம் என்றால் முகத்தைப் படம் பிடிக்க விடமாட்டோம் என்று ஐந்து நாடுகள் அடம் பிடித்தன. கடைசியில்தான் அதிகாரப் பட்டை வந்தது. துறையில் வேலை பார்க்கிற எல்லா நாட்டுப் போலீஸும் அதை மணிக்கட்டில் கட்டியிருக்க வேண்டும்.

பயணிகள் வாசலுக்கு எதிரே எனக்கு ஒரு சின்ன அலுவலகம். கோமதிநாயகம் அங்கே ஒரு காலை நேரத்தில் வந்து நின்றார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊர் திசையன்விளை. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

"போலீஸ் மேல கேஸ் குடுக்கணும் வக்கீலம்மா" என்றார்.

"அடிச்சாங்களா?"

"இல்ல."

"வாய்க்கு வந்தபடி பேசினாங்களா?"

"சேச்சே. அய்யா அய்யான்னுதான் கூப்பிட்டாக. டீகூட வாங்கிக் குடுத்தாக."

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அப்புறம் என்னதான்யா செஞ்சாங்க?"

"உக்கார வெச்சுட்டாக."

வேற்று நாட்டு வக்கீல் யாராவது அங்கே இருந்திருந்தால் சிரித்திருப்பார். நான் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் 'உட்கார வைக்கப்பட்டவர்களை' மீட்டுக்கொண்டு வருவதில்தான் நான் தொழிலே பழகினேன்.

அவர் சொன்னது இதுதான். அவருடைய மகள் ஆறு வருஷத்துக்கு நிலாவுக்குப் போகிறாள். போகாதே என்று இவர் சண்டை போட்டிருக்கிறார். நீ போறதைப் பாக்க நான் வர மாட்டேன் என்று சொல்லியும் விட்டார். சொன்னாரே தவிர மனசு கேட்கவில்லை. கப்பலேறித் துறைக்கு வந்துவிட்டார். வாசலைத் தாண்டினால் மகள் நிற்கிற கூடம். அந்த நேரம் பார்த்து நீலச் சட்டைக்காரர் ஒருவர் சுங்கச் சோதனைக்கு வைத்திருந்த பெட்டியோடு ஓடிவிட்டதாகப் போலீஸுக்குத் தகவல் வந்திருக்கிறது. இவரும் நீலச் சட்டை. வாசலில் இருந்த ஏட்டம்மா, "அய்யா, சும்மா இப்படி உக்காருங்க, ஒரு சின்ன விசாரணை" என்றிருக்கிறார். இவர் உட்கார்ந்தார். டீ வந்தது, குடித்தார். ஏணிவண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஏட்டம்மா வந்து, "வேற ஆளுய்யா, நீங்க போலாம்" என்றாராம்.

"மகளுக்குப் போன் பண்ணிச் சொன்னீங்களா?"

"சொன்னேன். நம்ப மாட்டேங்கா. 'துறை வரைக்கும் வந்தீங்கப்பா, அப்புறம் வீம்புல வாசல்லயே உக்காந்துட்டீங்க. போலீஸ் மேல பழி போடாதீங்க'ங்கா."

நான் பட்டையைப் பற்றி அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். "அய்யா, இங்க போலீஸுக்கு அதிகாரம் சம்பளம் மாதிரி மாசத்துக்கு ஒரு தடவை மொத்தமா வராது. ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கணும். ஒருத்தரை நிறுத்தினா, தொட்டா, வழி மறிச்சா, அந்தப் பட்டை..."

"காரணம் கேக்கும்" என்று அவர் தொடர்ந்தார். "காரணம் சரியா இருந்தா பச்சை எரியும், அதிகாரம் உண்டு. இல்லைன்னா சிவப்பு. சிவப்பு எரிஞ்சா எதிர்ல நிக்கிறவர் காதுக்குக் கேக்கிற மாதிரி, 'நீங்கள் போகலாம்'னு அவர் பாஷையிலயே சொல்லும். எல்லாம் பதிவாகும், யாராலயும் அழிக்க முடியாது."

"இவ்வளவு தெரியுமா உங்களுக்கு?"

"எம் மக ஆவுடை செஞ்சதும்மா அது."

அந்தப் பட்டையைச் செய்தது ஒரு தமிழ்ப் பொண்ணு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தப் பொண்ணுக்கு மனசுக்குள் கும்பிடு போட்டிருக்கிறேன். அது வந்த பிறகு துறையில் ஒருவர்கூடப் போலீஸிடம் அடிபட்டதில்லை. அவளுடைய அப்பாவைத்தான் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

"அன்னைக்குப் பட்டை என்ன காட்டிச்சு?"

"ஒண்ணும் காட்டல. பச்சையும் இல்ல, சிவப்பும் இல்ல. அந்தப் பதிவைப் பாத்துட்டுதான் எம் மக, நான் பொய் சொல்லுதேங்கா."

ஏணித்துறையில் ஒரு சட்டம் உண்டு. உலகத்தில் வேறெங்கும் இல்லாத சட்டம். போலீஸ் தப்பு செய்தது நிரூபணமானால், பதினோரு நாடுகளில் எந்த நாட்டுப் பரிகாரம் வேண்டும் என்று பாதிக்கப்பட்டவரே தேர்ந்தெடுக்கலாம். அதை அவருக்குச் சொன்னேன்.

"இங்கிலாந்து வழியில போனா, தப்பா நிறுத்தி வெச்ச நேரத்துக்குத் தக்கன நஷ்டஈடு. அமெரிக்கா வழின்னா அந்த ஏட்டு மேலயே நேரா வழக்குப் போடலாம், ஆனா அங்க போலீஸுக்கு ஒரு கவசம் உண்டு, அதை உடைக்கிறது பெரிய பாடு. ஜெர்மனி வழின்னா போலீஸுக்குப் பதிலா அரசாங்கமே குடுக்கும். சுவீடன்ல குறை கேக்கறதுக்குன்னே ஒரு அதிகாரி இருக்கார், அவரே குற்ற வழக்குப் போடுவார். நம்ம நாட்டு வழின்னா நஷ்டஈடும் உண்டு, இலாகா விசாரணையும் உண்டு. எது வேணும்?"

அவர் யோசித்தார். "இந்த ஆளு வீம்புல உக்காரல, உக்கார வெச்சிருந்தாகன்னு மட்டும் எழுதிக் குடுக்கிற நாடு இருக்கா?"

இருந்தது. உரிமை மீறப்பட்டது என்று அறிவிப்பதே போதுமான பரிகாரம் என்று, இங்கிலாந்து, ஜெர்மனி, சுவீடன் மூன்றும் கட்டுப்பட்ட ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சில தீர்ப்புகளில் சொல்லும். எங்கள் தொழிலில் அதை ஆறுதல் பரிசு என்று கிண்டல் செய்வோம். அதை ஒருவர் கேட்டு வாங்கி நான் பார்த்ததில்லை.

"அது போதும்மா. மேல நிலையத்துலருந்து அவ நிலாக் கப்பல் கிளம்புறதுக்குள்ள கெடைக்குமா? மனசுல இதோட போனா, ஆறு வருஷமும் இதோடதான் இருப்பா. எனக்கு வயசாச்சு."

அன்று மத்தியானமே வாசலுக்குப் போய் ஏட்டம்மா சுடலைவடிவைப் பார்த்தேன். ஐம்பதை நெருங்கும் வயது, நெற்றியில் பட்டையாகத் திருநீறு, எண்ணெய் வைத்து இறுக்கின கொண்டை. ஊர் பேர் சொன்னதும் முகம் மலர்ந்தது. வழக்கு விஷயத்தை எடுத்ததும் மலர்ந்த முகம் பூட்டிக்கொண்டது.

"கூண்டுல கேளுங்க, சொல்லுதேன். இங்க ஒண்ணும் கேக்காதீய."

"உண்மையைச் சொல்றதுக்குக் கூண்டு எதுக்கு?"

"நீங்க ஒண்ணு கேப்பிய, நான் ஒண்ணு சொல்லுவேன். பொறவு நீங்க சொல்லிக் குடுத்து நான் சொன்னேம்பாக. வேண்டாம்மா."

நழுவுகிறார் என்று நினைத்தேன். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். 'அவர் சுதந்திரமாகத்தான் உட்கார்ந்திருந்தார்' என்று ஒரு வரி சொன்னால் இந்த அம்மாவுக்கு ஒரு கீறல்கூட விழாது. நிறுத்தி வைத்தேன் என்று சொன்னாலோ, பட்டையைக் கேட்காமல் அதிகாரத்தைப் பயன்படுத்தின குற்றம். ஒப்பந்தப்படி சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கப்பலேற வேண்டியதுதான். அப்படிச் சொல்ல யாருக்குத் தலையெழுத்து?

விசாரணைக்கு நடுவராக வந்தவர் கென்யாவைச் சேர்ந்த வாஞ்சிகு அம்மையார். நாங்கள் பேசுகிற தமிழ் அவர் காதில் அவர் மொழியில் விழும், அவர் பேசுவது எங்களுக்குத் தமிழில் கேட்கும். துறையின் சார்பில் லிம் என்கிற சிங்கப்பூர் வக்கீல், வெண்ணெய் மாதிரி பேசுகிறவர். அவர் தன்னுடைய நிபுணர் சாட்சியின் பெயரைச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆவுடை. மேல் நிலையத்திலிருந்து திரை வழியாகச் சாட்சி சொல்லப் போகிறாள்.

"மகள் சாட்சி சொல்லக் கூடாதுன்னு நான் ஆட்சேபிக்கலாம்" என்று கோமதிநாயகத்தின் காதில் சொன்னேன்.

"வேண்டாம். அவ கேக்கட்டும்" என்றார். "அவ கேக்கணும்னுதானே இவ்வளவும்."

லிம் முதலில் இவரைத்தான் விசாரித்தார்.

"உங்களை யாராவது தொட்டார்களா?"

"இல்ல."

"எழுந்திருக்கக் கூடாது என்று சொன்னார்களா?"

"இல்ல."

"நீங்கள் எழ முயற்சி செய்தீர்களா?"

"இல்லய்யா."

"டீ எப்படி இருந்தது?"

"நல்லாத்தான் இருந்துது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. பாவம், அந்த மனுஷர் கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரையில் ஆவுடை வந்தாள். அப்பாவின் ஜாடை அப்படியே இருந்தது, அந்த மூக்கும் அந்தப் பிடிவாதமும். அவர் பக்கம் திரும்பவே இல்லை. பட்டை எப்படிக் கேட்கிறது, எந்தெந்தச் சொல்லை ஆணையாக எடுத்துக்கொள்கிறது, பதினோரு நாட்டுச் சட்டத்தையும் எப்படி ஒரு நொடியில் பார்க்கிறது என்று அழகாக விளக்கினாள். கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது, வழக்கு கையை விட்டுப் போவதும் தெரிந்தது.

"இந்தக் கருவியை எதற்காகச் செய்தீர்கள்?" என்று கேட்டார் நடுவர்.

"எங்க தெருவுல ஒரு அண்ணனைச் சந்தேகத்துல பிடிச்சுட்டுப் போய் அடிச்சாங்க. யாரும் அடிக்கலைன்னு எழுதினாங்க. எழுதறது மனுஷன் கையில இருக்கக் கூடாதுன்னு அப்பவே நெனச்சேன்." மூக்குக் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டாள். "பட்டை பொய் சொல்லாது, நடுவர் அவர்களே. மனுதாரரை யாரும் நிறுத்தவில்லை."

மனுதாரர் என்றுதான் சொன்னாள். கோமதிநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு மிச்சம் இருந்தது வடிவு ஏட்டு மட்டும்தான். கூப்பிட்டேன். சல்யூட் வைத்துவிட்டுக் கூண்டில் ஏறினார்.

"அன்னைக்கு இவரை நீங்க நிறுத்தி வெச்சீங்களா?"

லிம் உடனே எழுந்தார். "சாட்சிக்கு ஒன்று நினைவுபடுத்த விரும்புகிறேன். தன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. பதினோரு நாட்டுச் சட்டமும் சண்டை போடாமல் ஒத்துக்கொள்கிற விஷயம் இது."

"உண்மைதான்" என்றார் நடுவர். "உங்களுக்குப் புரிகிறதா, ஏட்டு அவர்களே? நீங்கள் பேசாமல் இருக்கலாம்."

"புரியிதும்மா" என்றார் வடிவு ஏட்டு. "நிறுத்தி வெச்சேன்னு சொல்ல முடியாது. எங்க ஊர்ல அதுக்கு அப்படிப் பேரு கிடையாது. உக்கார வெச்சிருக்கோம்போம்."

"அதன் அர்த்தம் என்ன?"

"கைதுன்னா காரணம் எழுதணும், கோர்ட்டுக்குக் கொண்டு போவணும், வீட்டுக்குச் சொல்லணும். அதுக்கெல்லாம் கையில ஒண்ணும் இருக்காது. ஆனா ஆளை விடவும் மனசு வராது. அப்ப உக்காருங்கம்போம். மரியாதையாத்தான் சொல்லுவோம். டீ வாங்கிக் குடுப்போம். உக்காந்திருக்க வரைக்கும் கேஸு கிடையாது, எந்திரிச்சாத்தான் கேஸு. சொல்லுத எங்களுக்கும் தெரியும், உக்காருத அவுகளுக்கும் தெரியும். இந்தப் பட்டைக்குத்தான் தெரியாது. அது எங்க ஊர் ஸ்டேஷன்ல டியூட்டி பாத்ததில்லல்லா."

லிம் கையிலிருந்த பேனாவை மூடினார்.

"அன்னைக்கு எங்கிட்ட காரணம் ஒண்ணும் இல்லம்மா. சட்டை நிறம் மட்டுந்தான். நில்லுங்கன்னு சொல்லியிருந்தா சிவப்பு எரிஞ்சிருக்கும். அது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் உக்காருங்கன்னேன்."

இதற்கு மேல் நான் ஒரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் திரையிலிருந்து குரல் வந்தது.

"நடுவர் அவர்களே, நிபுணர் என்ற முறையில் சாட்சியிடம் நான் ஒன்று கேட்கலாமா?"

நடுவர் தலையசைத்தார். ஆவுடை திரைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்திருந்தாள்.

"ஏட்டம்மா, வெறும் மரியாதைக்கு உக்காரச் சொல்றவங்களும் இருக்காங்கல்ல. ரெண்டையும் எப்படிப் பிரிச்சுப் பாக்கறதுன்னு எனக்குத் தெரியலை. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னைக்கு அவர் எந்திரிச்சு என்னைப் பாக்க உள்ள நடந்திருந்தார்னா, விட்டிருப்பீங்களா?"

வடிவு ஏட்டு திரைப் பக்கம் திரும்பினார். இங்கேதான் தப்பித்துப் போக நல்ல அகலமான வழி இருந்தது. 'விட்டிருப்பேன்' என்றால் போதும். நடக்காத ஒன்றைப் பற்றிய கேள்வி, யார் பொய் என்று நிரூபிக்க முடியும்? எந்தக் கருவிக்கும் அது எட்டாது. அந்த அம்மாவின் மனசுக்குள் மட்டும் இருந்த சாட்சி அது.

"விட்டிருக்க மாட்டேம்மா" என்றார். "கையைப் பிடிச்சு உக்கார வெச்சிருப்பேன். அவுக ரெண்டு தடவை உள்ள எட்டி எட்டிப் பாத்தாக. எம் மூஞ்சியப் பாத்தாக. நான் ம்ஹூம்னு தலைய ஆட்டல, ஆனா பாத்துக்கிட்டேதான் நின்னேன். வண்டி கிளம்பினப்ப அவுக கண்ணைத் துடைச்சதையும் பாத்தேன். தூசின்னு நெனச்சுக்கிட்டேன். இல்ல, அப்படி நெனச்சுக்கிடணும்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு யாரும் கேட்காமலே மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நான் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எழுந்து நின்று அந்த அம்மாவைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. தப்பு செய்த போலீஸைப் பிடிக்கப் பதினோரு நாடுகள் சேர்ந்து என்னென்னவோ கண்டுபிடித்திருக்கிறோம். நஷ்டஈடு, கவசம், குறைகேள் அதிகாரி, கருவி எல்லாம் இருக்கிறது. அத்தனையும் கை விரித்த இடத்தில், சம்பளத்தையும் பென்ஷனையும் பார்க்காமல் ஒரு ஏட்டு உண்மையைச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் நழுவுகிறார் என்று நினைத்ததற்கு என்னையே நொந்துகொண்டேன்.

"இதற்குப் பிறகு உங்களுக்கு இங்கே வேலை இருக்காது. தெரியும்தானே?" என்றார் நடுவர். குரலில் வருத்தம் இருந்தது.

"தெரியும்மா. போன வாரம் பூராவும் தூக்கம் இல்ல. ஊருக்குப் போயித் தூங்குதேன்."

நடுவர் திரையைப் பார்த்தார். "நிபுணரின் கருத்தில் மாற்றம் ஏதாவது உண்டா?"

ஆவுடை கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டாள். அவள் செய்த கருவி அது. பதினோரு நாடும் அவள் வார்த்தையை நம்பித்தான் அதைக் கட்டிக்கொண்டிருக்கின்றன. இந்தப் பதில் நாளைக்கு அத்தனை நாட்டுச் செய்தியிலும் வரும்.

"உண்டு. பட்டை தவறிவிட்டது. நான் அதற்கு வார்த்தையைக் கற்றுக்கொடுத்தேன், வழக்கத்தைக் கற்றுக்கொடுக்கவில்லை. எங்கப்பா..." அங்கே நிறுத்தினாள். "எங்கப்பாவை நிறுத்தித்தான் வெச்சிருக்காங்க."

அப்புறம் சாட்சி, நிபுணர், நடுவர் எல்லாம் மறந்துபோயிற்று அவளுக்கு.

"அப்பா, நீங்க வீம்புல உக்காந்துட்டீங்கன்னு நெனச்சேம்ப்பா."

"வீம்புக்காரன்தான் ஆவுடை" என்றார் கோமதிநாயகம். "ஆனா அன்னைக்கு மட்டும் வீம்பு இல்ல."

அவர் எழுந்துவிட்டார். நடுவர் கூடத்தில் இருக்கும்போது அனுமதியில்லாமல் எழக் கூடாது என்பது விதி. அவர் யாரையும் கேட்கவில்லை, யார் முகத்தையும் பார்க்கவில்லை. மேஜைகளுக்கு நடுவே நேராகத் திரையை நோக்கி நடந்தார். டவாலி போட்ட சேவகர் அவரை மறிக்கப் போனார். நடுவர் கையை உயர்த்தி, விடுங்கள் என்று காட்டினார். வடிவு ஏட்டு கூண்டிலிருந்து இறங்கி ஒதுங்கி வழி விட்டார்.

சாப்பாடு எப்படி, குளிருதா, தலைக்கு எண்ணெய் கொண்டு போயிருக்கியா என்று அவர் கேட்கிற சத்தத்துக்கு நடுவே நடுவர் தீர்ப்பை வாசித்தார். ஒரே வரி. நான் போராடி வாங்கிய அந்த ஒரு வரியை என் கட்சிக்காரர் காதில் வாங்கவே இல்லை.